சில்லின் தலையில் இரண்டு எண்கள்

வணக்கம். ஒரு பழைய பிராசஸரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஏஎம்டி கே6, 200 மெகாஹெர்ட்ஸ், 1997-இல் வந்தது. தலையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: கோர் 2.9 வோல்ட், ஐ/ஓ (வெளியுலகோடு பேசும் பகுதி) 3.3 வோல்ட்.

ஒரே சில்லுக்கு எதற்கு இரண்டு வோல்டேஜ்? மதர்போர்டில் சுற்றியிருப்பவர்கள் 3.3-இல் பேசிப் பழகியவர்கள். அவர்களோடு பேச அது வேண்டும். உள்ளே கணக்குப் போடும் கோருக்கு அவ்வளவு தேவையில்லை, கொடுத்தால் வீணாகச் சூடாகும். அந்தச் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறும். 3.3-ஐ 2.9 ஆக்கினால் வோல்டேஜ் குறைவது 12 சதவீதம்தான். அதே வேகத்தில் சூடோ ஏறக்குறைய 23 சதவீதம் குறையும். ஆனால் இதே கே6-இல் 233 மெகாஹெர்ட்ஸ் சில்லு 3.2 கேட்கும். வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது.

அன்று இந்த எண்ணைப் பார்த்து நாம்தான் போர்டில் ஜம்பர், அதாவது இரண்டு கம்பிகளை இணைக்கும் சின்ன மூடி, மாட்ட வேண்டும். தொழில் பழகிய நாட்களில் ஒருமுறை 2.9-க்குப் பதில் 3.3-இல் மாட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் ஓடியது, அதுதான் வம்பு! ஓடாமல் இருந்திருந்தால் அப்போதே கவனித்திருப்பேன். சில்லின் மேல் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கில் விரல் சுட்ட பிறகுதான் கழற்றி எண்ணைப் படித்தேன்.

இப்போது ஜம்பர் இல்லை. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சில்லே போர்டிடம் கேட்கிறது. அந்தக் கோரிக்கைக்கு விஐடி என்று பெயர். கேட்டது அப்படியே வந்து சேராது. 1 வோல்டில் 100 வாட் என்றால் 100 ஆம்பியர். ஒரு வீடு முழுக்க இழுப்பதைவிட அதிகம். வழியில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே 0.1 வோல்ட் போய்விடும். அதனால் வேலை கூடும்போது திரையில் வோல்டேஜ் இறங்கினால் பதற வேண்டாம்.

அப்போ சில்லு கேட்பதையே கொடுக்கும்படி வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிடலாமா? பெரும்பாலும் சரி. ஆனால் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில அளவுக்கு மீறிக் கேட்டுத் தங்களையே கெடுத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட், அதாவது சில்லின் உள் நிரல், அந்தக் கோரிக்கைக்கு 1.55 வோல்ட் என்று வரம்பு கட்டியது. உங்களிடம் இருப்பது அந்த வகையென்றால், இன்று மாலையே பயாஸை, அதாவது அந்த மைக்ரோகோடைச் சுமந்து வரும் மதர்போர்டு நிரலை, புதுப்பித்துவிடுங்கள்.