மழை விட்ட பிறகு எத்தனை மணி நேரம்?

[காட்சி: மதுரை, வண்டியூர் தெப்பக்குளம்]

இந்தக் குளத்துக்குள்ள கிரிக்கெட் ஆடியவங்க கமெண்ட்ல வாங்க. பல வருடம் காய்ந்து கிடந்தது, அப்புறம் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரை விட்டதும் நிரம்பியது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய அதே குளம்தான், வரத்துதான் மாறியது. ஆக, காய்ந்த வருடம் வந்து ஊருக்கு மார்க் போட்டால் ஃபெயில், நிரம்பிய வருடம் வந்தால் பாஸ்.

ஒரு நகரம் அடி வாங்கினாலும் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதைத் தாங்குதிறன் என்கிறார்கள். அதை ஒரே தடவை பார்த்துச் சொல்ல முடியாது.

[காட்சி: விளக்குத்தூண்]

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியை மூடினார். நெரிசலில் திணறிய ஊருக்கு வெளிவீதிகள் கிடைத்தன, நன்றிக்கு இந்தத் தூணும் நின்றது. அன்றைக்கு அது நல்ல முடிவுதான். ஆனால் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் காலி மனை என்கிற நினைப்பு மட்டும் ஊரை விட்டுப் போகவே இல்லை. தல்லாகுளத்தில் குளத்தையும் உலகனேரியில் ஏரியையும் இப்போது பெயரில்தான் தேட வேண்டும்.

[காட்சி: செல்லூர்]

2024 அக்டோபர் 25. சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் மழை. செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போயாக வேண்டும், வாய்க்கால் கொள்ளாவிட்டால் தெருதான் வாய்க்கால்.

இதற்கப்புறம் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்று கேட்போம். நான் கேட்பது வேறு: அதே தெருவில், அதே அளவு மழைக்கு, தண்ணீர் வடிய முன்பு எத்தனை மணி நேரம், இப்போது எத்தனை? மழை அளவை எழுதாமல் "இந்த வருஷம் தண்ணி நிக்கல" என்றால், மழையே பெய்திருக்காது, அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 ஆனது, பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148க்குப் போனது. தண்ணீர் வடியும் நேரத்துக்கு, அதற்கு முந்தைய ஊர்ச் சராசரியையும் பிந்தைய சராசரியையும் பக்கத்தில் வைத்தால், அது இரண்டு வேறு ஊர்களை ஒப்பிடுகிற கதை. அதனால் தெருவைப் பிடியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு காம்பவுண்டு சுவரில் ஒவ்வொரு பெருமழைக்கும் பெயிண்டால் கோடு போடுகிறோம், பக்கத்திலேயே தேதியும் வடிந்த நேரமும். மழை குறைந்த வருடத்தில் கோடு மட்டும் மேலே ஏறியிருந்தது, ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே இரண்டு தடவை புது ரோடு போட்டிருக்கிறார்கள்.