பிரேயர் மைக் போட்டாலே கத்துறான், இப்ப ஸ்கூலுக்கே வரமாட்டேங்குறான்: என்ன பண்றது?

பாலக்கோட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு ஏழு வயசு, ரெண்டாவது படிக்கிறான், ஆட்டிசம்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிரேயர்ல மைக் போட்டாலே காதைப் பொத்திக்கிட்டுக் கத்துறான். இப்ப வீட்டுல யூனிஃபார்மை எடுத்தாலே அழுகை. டீச்சர் பிடிவாதம்னு சொல்றாங்களாம்.

பிடிவாதம் இல்லம்மா. பிடிவாதம்னா கேட்டது கைக்கு வந்ததும் நின்னுடும். இது நிக்காது. நமக்கு இரைச்சலா இருக்குற சத்தம் சில பிள்ளைங்களுக்கு வலியாவே இருக்கும். முதல்ல மைக்குக்குப் பயந்தான், இப்ப மைக்குகிட்ட கொண்டுபோய் விடுற யூனிஃபார்முக்கே பயப்படுறான். அதனால வீட்டுல மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்ல, பிரேயரைத்தான் மாத்தணும்.

"ஊர்ப் பண்டிகையில பம்பை அடிச்சா ஆடுறானே"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. பம்பை ஒரே தாளத்துல வரும், அடிக்கிற கை கண்ணுக்குத் தெரியும். மைக் எப்ப கீச்சுனு கத்தும்னு யாருக்குத் தெரியும்?

ஹெச்.எம்.கிட்ட பேசுங்க. முதல் ரெண்டு வாரம் பிரேயர் நேரத்துல அவன் கிளாஸ்லயே இருக்கட்டும், கூட ஒரு பெரியவங்க இருக்கணும். மூணாவது வாரம் கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும், ஸ்பீக்கர்ல இருந்து தள்ளி, வரிசை ஓரமா. அழாம நின்னா ரெண்டு ரெண்டு நிமிஷமா கூட்டுங்க. அழுதா பழைய நேரத்துக்கே திரும்பிடுங்க. பழகட்டும்னு ஸ்பீக்கர் பக்கத்துல மட்டும் நிறுத்திடாதீங்க, பயம் ரெண்டு மடங்காகும். காதை மூடுற இயர்மஃப் அந்த நேரத்துக்குப் போதும். நாள் முழுக்க மாட்டினா சாதாரணச் சத்தமே தாங்காமப் போயிடலாம்.

வீட்டுல காலை வேலைக்கு அஞ்சு போட்டோ. பல் தேய்க்கிறது, குளிக்கிறது, சாப்பாடு, யூனிஃபார்ம், பஸ். அவனோட பிரஷ், அவன் ஏறுற பஸ்ஸையே போனுல எடுத்து பிரிண்ட் போடுங்க. பொம்மைப் படம் வேண்டாம், அது தன்னோடதுன்னு பல பிள்ளைங்களுக்குப் புரியாது. முடிஞ்ச போட்டோவை அவனே எடுத்து ஒரு டப்பாவுல போடணும். எங்க சொதப்பும்னா, பத்து நாள்ல ஒழுங்கா கிளம்புறான்னு போட்டோவையெல்லாம் கழட்டிடுவாங்க. மறுவாரம் பழைய கதைதான். பஸ் வராத நாளுக்கு "இன்னைக்கு வேற"ன்னு ஒரு சிவப்பு அட்டையும் வெச்சிருங்க.

"ஷூ போடு"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுக்குள்ள வேற வார்த்தையில திருப்பிச் சொன்னா, அவன் முதல்ல இருந்து யோசிக்கணும்.

டாக்டர் சொன்னதை எழுத்துல வாங்கிட்டீங்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகை மாற்றுத்திறன்ல ஆட்டிசமும் ஒண்ணு. அதுக்கான சான்றிதழுக்கும், யு.டி.ஐ.டி.ங்குற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிங்க. அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க. அவங்க ஸ்கூலுக்கு எந்தக் கிழமை வர்றாங்கன்னு கேட்டு, ஹெச்.எம்.கிட்ட பேசுறதை அந்த நாள்லயே வெச்சுக்குங்க.