ஒரு சோட்டோவுக்கு ஆறு பேர்: பேஸ்பால் டிரேடு பேசுவது எப்படி?

(திரையில்: வாஷிங்டன் நேஷனல்ஸ், சான் டியேகோ பட்ரெஸ் சின்னங்கள்)

வணக்கம். 2022 ஆகஸ்ட் 2, அமெரிக்க பேஸ்பாலில் அந்த சீசனின் டிரேடுக்கு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கு, கடைசி நாள். வாஷிங்டன் அணி தன் நட்சத்திரம் ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது. வயது 23தான். 2019-இல் உலகத் தொடரை, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை, வென்ற அணியில் முக்கியமான பேட்டர். அவரை ஏன் விட்டார்கள்?

15 வருடத்துக்கு 440 மில்லியன் டாலர் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். சோட்டோ மறுத்துவிட்டார். 2024 சீசன் முடிந்ததும் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற நிலை. வாஷிங்டனோ 2022 சீசனில் 107 ஆட்டங்களில் தோற்ற அணி.

டிரேடு பேச உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: எதிர் அணிக்கு இப்போது என்ன தேவை? ரசிகர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. நமக்கு வேண்டாத மூன்று பேரைத் தள்ளிவிட்டு ஒரு நட்சத்திரத்தைக் கேட்கிறோம். அந்த மூன்று பேருக்கு அவர்களுடைய 40 பேர் பட்டியலில் (ஓர் அணி வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர் பட்டியல்) இடம் வேண்டாமா?

(திரையில்: வாஷிங்டனுக்குப் போனவர்களின் பெயரும் வயதும்)

சான் டியேகோ கொடுத்ததைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் சி.ஜே. ஏப்ரம்ஸ், 21. இடதுகையால் பந்து வீசும் பிட்சர் மெக்கன்சி கோர், 23. ராபர்ட் ஹாசல், 20. ஜேம்ஸ் வுட், 19. ஹார்லின் சுசானா, 18. கடைசி மூவரும் அப்போது மேஜர் லீக் எனப்படும் உச்ச மட்டத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்கள். ஆனால் மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் (அணியில் இருந்ததாகக் கணக்காகும் காலம்) முடியும்வரை ஆட்டக்காரர் அணியின் பிடியில்தான் இருப்பார். அதாவது வாஷிங்டன் சோட்டோவின் இரண்டரை சீசனைக் கொடுத்து, ஐந்து இளைஞர்களின் பல வருடங்களை வாங்கிக்கொண்டது. டிரேடில் கைமாறுவது காலம்தான் என்பது என் கருத்து.

சரி, ஆறாவது ஆள்? அங்கேதான் சிக்கல். சோட்டோவோடு முதல் பேஸ் ஆட்டக்காரர் ஜோஷ் பெல்லும் சான் டியேகோவுக்குக் கிளம்பினார். பதிலுக்கு வருவதாக இருந்தவர் எரிக் ஹோஸ்மர், அவரும் முதல் பேஸ்தான். ஆனால் 10 அணிகளுக்குத் தன்னை அனுப்பக் கூடாது என்று தடுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது, அந்தப் பத்தில் வாஷிங்டனும் ஒன்று. வர மாட்டேன் என்றுவிட்டார். டிரேடு கைநழுவாமல் இருக்க அவசரமாக லூக் வாய்ட்டைச் சேர்த்தார்கள். ஹோஸ்மர் அன்றைக்கே பாஸ்டனுக்குப் போனார். ஆகவே யோசனை சொல்லும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம் என்ன நடந்தது? அந்த அக்டோபரிலேயே சான் டியேகோ பலமான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை வீழ்த்தி, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதித் தொடர்வரை போய் பிலடெல்பியாவிடம் தோற்றது. சோட்டோ கைவிட்டுப் போகும் நேரம் நெருங்கியதும், 2023 டிசம்பரில் அவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து பிட்சர் மைக்கேல் கிங் உள்ளிட்ட ஐந்து பேரை வாங்கியது. வாஷிங்டன் பக்கம் ஏப்ரம்ஸ் 2024-இலும், கோரும் வுட்டும் 2025-இலும் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள்.