ஹம்ஃப்ரி பல்டி அடித்தது எந்த வருடம்?

வணக்கம். வியட்நாம் வரிசையில் போன தடவை, 1968 ஜனவரியில் கம்யூனிஸ்ட் படைகள் தென் வியட்நாம் நகரங்கள் மேல் நடத்திய டெட் தாக்குதலோடு நிறுத்தியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் குடைந்துகொண்டே இருக்கிறது, அதனால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இன்று அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "ஐயா, துணை அதிபர் ஹம்ஃப்ரி அத்தனை நாள் போரை ஆதரித்துவிட்டு, 1968 தேர்தலில் ஓட்டு விழாது என்று தெரிந்ததும் கடைசி நேரத்தில் பல்டி அடித்தாரே, முன்பே அடித்திருந்தால் ஜெயித்திருப்பாரா? இல்லை, அடிக்காமலே தோற்றிருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்குமா?"

தம்பி, கேட்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பல்டி நடந்தது நீங்கள் சொல்லும் வருடத்தில் இல்லை. ஹியூபர்ட் ஹம்ஃப்ரி பல்டி அடித்தது 1966-ல். 1968-ல் அவர் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தார், அதுவும் பாதி தூரம்.

எப்படி என்று சொல்கிறேன். 1964 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஜான்சனும் அவருடைய துணை வேட்பாளர் ஹம்ஃப்ரியும் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டரைத் துவைத்துக் காயப்போட்டு ஜெயித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வட வியட்நாம் மேல் தொடர்ச்சியாகக் குண்டு வீசுவதா என்று வெள்ளை மாளிகையில் ஆலோசனை நடக்கிறது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத துணை அதிபர், 1965 பிப்ரவரி 17-ல் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறார். சாராம்சம் இதுதான்: இந்தப் போர் எதற்கு என்று ஜனங்களுக்குப் புரியவில்லை, புரியாத போருக்கு அவர்கள் ரொம்ப நாள் துணை நிற்க மாட்டார்கள், இப்போதுதான் பெரிய வெற்றி பெற்றிருக்கிறோம், எதிர்க்கட்சியின் வலதுசாரிகள் விழுந்து கிடக்கிறார்கள், அரசியல் ஆபத்து மிகக் குறைவாக இருக்கும் வருடம் இதுதான், இப்போது விட்டுவிட்டால் நாளைக்கு எதிர்ப்பு நம் ஆட்களிடமிருந்தே வரும். மூன்று வருடம் கழித்து நடந்தது ஏறக்குறைய அப்படியே அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

அதற்கு என்ன பலன் கிடைத்தது? கிட்டத்தட்ட ஒரு வருடம் வியட்நாம் பற்றிய முக்கியமான கூட்டங்களுக்கு அவரை அழைக்கவே இல்லை. நான் பழைய பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்னதுதான், அமெரிக்கத் துணை அதிபருக்குச் சொந்தமாக ஒரு அதிகாரமும் கிடையாது, செனட்டில் ஓட்டு சமமாக நின்றால் ஒரு ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். மற்றபடி அதிபர் கூப்பிட்டால் அறைக்குள் போகலாம், கூப்பிடாவிட்டால் ஏதாவது நாட்டில் இறுதிச் சடங்கு நடந்தால் போய்வரலாம். 1966 ஜனவரியில் டெல்லியில் நம் சாஸ்திரியின் இறுதிச் சடங்குக்கு அமெரிக்காவின் சார்பில் வந்தவரே இவர்தான். அதற்கு அடுத்த மாதம் ஜான்சன் இவரை வியட்நாமுக்கு அனுப்புகிறார். போனார், பார்த்தார், திரும்பி வந்ததும் போரின் பெரிய பிரசாரகர் ஆகிவிட்டார். பழைய லிபரல் நண்பர்களுக்கு நம்பவே முடியவில்லை. 1948 கட்சி மாநாட்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தெற்கத்தித் தலைவர்களை எதிர்த்து நின்று பேசிய அதே மனிதரா இவர் என்று கேட்டார்கள்.

பல்டி அதுதான் தம்பி. கூட்டத்தில் திரும்ப உட்கார வேண்டும், அதற்காக அடித்தது. நமக்கு இது புதிதில்லை. கும்பகர்ணனா வீடணனா என்று எத்தனை பட்டிமன்றம் கேட்டிருப்போம். தப்பு என்று அண்ணனிடம் சபையிலேயே சொல்லிவிட்டு, அவன் கேட்காதபோது செஞ்சோற்றுக் கடனுக்காகப் போருக்குப் போனவன் கும்பகர்ணன். ஹம்ஃப்ரி அந்த வகை. ஆனால் கும்பகர்ணன் அதன் பிறகு ஜனங்களிடம் போய் எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஹம்ஃப்ரிக்கு வந்தது, சிக்கலே அங்கேதான்.

1968-ஐ வேகமாகச் சொல்லிவிடுகிறேன், போன பேச்சிலேயே பார்த்தோம். ஜனவரி கடைசியில் டெட். மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் முன்தேர்தலில், போரை எதிர்த்து நின்ற அதே கட்சி செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கி ஜான்சனை ஆட்டம் காணவைக்கிறார். மார்ச் 31-ல் ஜான்சன் தேர்தல் போட்டியிலிருந்து விலகல். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி, இரண்டு கொலைகள். ஹம்ஃப்ரி ஏப்ரல் கடைசியில்தான் களத்துக்கு வருகிறார், ஒரு மாநில முன்தேர்தலிலும் நிற்கவில்லை. அப்புறம் எப்படி வேட்பாளர் ஆனார்? அன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தீர்மானித்தது கட்சிப் பெருந்தலைகள்: சிகாகோ மேயர் டேலி மாதிரி ஆட்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், தெற்கத்தி ஆளுநர்கள். இவர்களில் பலர் ஜான்சன் முகம் பார்த்து நடப்பவர்கள். போரில் ஜான்சனை விட்டு விலகினால் வேட்பாளர் பதவியே கிடைக்காது, விலகாவிட்டால் வேட்பாளர் ஆன பிறகு ஜனங்களிடம் ஓட்டுக் கிடைக்காது.

இது ஒரு பாதி. இன்னொரு பாதியைப் பலரும் சொல்வதில்லை, நியாயமாகப் பார்த்தால் அதையும் சொல்ல வேண்டும். மே மாதத்திலிருந்து பாரிஸில் அமெரிக்காவுக்கும் வட வியட்நாமுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஆளும் கட்சி வேட்பாளரே "நான் வந்தால் இதைவிட அதிகம் விட்டுக்கொடுப்பேன்" என்று மேடையில் சொன்னால் ஹனோய், அதாவது வட வியட்நாம் அரசு, என்ன செய்யும்? ஜனவரி வரை காத்திருப்போம் என்று சும்மா இருக்கும். ஜான்சன் இதைச் சொல்லியே ஹம்ஃப்ரியின் வாயைக் கட்டினார். ஜூலையில் தனியாக ஒரு அறிக்கை தயாரித்துக்கொண்டு ஹம்ஃப்ரி போய்க் காட்டியபோது, இதை வெளியிட்டால் அங்கே இருக்கும் என் மாப்பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்கிற அளவுக்கு ஜான்சன் பேசியதாகப் பிற்பாடு ஹம்ஃப்ரி தரப்பில் சொன்னார்கள். ஜான்சனின் இரண்டு மாப்பிள்ளைகளும் அந்த வருடம் வியட்நாமில் பணியில் இருந்தார்கள், அதனால் வெறும் நாடகம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆகஸ்ட் மாநாட்டில் சமாதானக் கோஷ்டியோடு ஒத்துப்போகக்கூடிய ஒரு வாசகத்தை ஹம்ஃப்ரி ஆட்கள் பேசி முடித்தார்கள், ஜான்சன் அதையும் வெட்டிவிட்டார். கடைசியில் சமாதானத் தீர்மானம் ஏறத்தாழ 1,567-க்கு 1,041 என்று தோற்றது. வெளியே தெருவில் போலீஸ் தடியடி, அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

இடையில் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹம்ஃப்ரி கண்ணெதிரே ஒரு உதாரணம் இருந்தது. மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி, குடியரசுக் கட்சியில் நிக்சனுக்குப் போட்டியாக இருந்தவர், பிற்பாடு போட்டியிட்ட மிட் ராம்னியின் அப்பா. 1965-ல் வியட்நாம் போய்வந்து போரை ஆதரித்தார், 1967-ல் மனம் மாறினார். ஏன் என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டபோது, அங்கே தளபதிகளும் தூதரக ஆட்களும் என்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். போயிற்று! தளபதிகள் சொன்ன கதை சரியில்லை என்பதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் ஜனங்கள் காதில் விழுந்தது, இவரை எவனும் ஏமாற்றிவிடலாம் என்பது. 1968 பிப்ரவரியில், முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே விலகிக்கொண்டார். பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளரான நிக்சன் பார்த்தார், கற்றுக்கொண்டார். போரை முடிப்பேன் என்பார், எப்படி என்று கேட்டால் பாரிஸ் பேச்சுவார்த்தையைக் கெடுக்க விரும்பவில்லை என்பார். ஆட்சியில் இல்லாதவனுக்கு அந்த வசதி உண்டு.

சரி, ஹம்ஃப்ரிக்கு வருவோம். செப்டம்பர் கடைசியில் கேலப் கருத்துக்கணிப்பில் நிக்சனை விட 15 புள்ளி பின்னால். கட்சிக் கஜானா காலி. போகிற ஊரிலெல்லாம் மாணவர்கள் கூச்சல், சியாட்டிலில் பேசவே விடவில்லை. செப்டம்பர் 30, சால்ட் லேக் சிட்டியில் காசு கொடுத்துத் தொலைக்காட்சி நேரம் வாங்கிப் பேசுகிறார். மேடையிலிருந்த துணை அதிபர் முத்திரையை எடுத்துவிடச் சொன்னார். ஒளிபரப்புக்குச் சற்று முன் ஜான்சனுக்குப் போன் போட்டார், அனுமதி கேட்க இல்லை, தகவல் சொல்ல. எனக்கு அந்த முழுத் தேர்தலிலும் பிடித்த இடம் இதுதான்.

என்ன சொன்னார்? அதிபரானால் வடக்கின் மேல் குண்டு வீச்சை நிறுத்துவேன், சமாதானத்துக்காக அது எடுக்கக்கூடிய ஆபத்துதான் என்றார். உடனே ஒரு நிபந்தனை: எல்லையிலுள்ள ராணுவமற்ற பகுதியை மதிக்க எதிர்த்தரப்பு தயார் என்பதற்கு ஏதாவது அடையாளம் வேண்டும். படித்துப் பார்த்தால் ஜான்சன் கொள்கையிலிருந்து ஒரு அடிதான் தள்ளி நிற்கிறது. பாதி தூரம் என்று சொன்னேனே, அது இதுதான். ஆனால் அந்த ஒரு அடி போதுமாக இருந்தது. கூச்சல் அடங்கியது, "நிஜமாகவே சொல்கிறீர்கள் என்றால் உங்களோடு இருக்கிறோம்" என்கிற மாதிரி அட்டைகள் வந்தன, சிறு சிறு தொகையாகப் பணம் வந்தது. பேச்சு ஒன்றினாலேயே ஏறினார் என்று நான் சொல்ல மாட்டேன், மூன்றாவது வேட்பாளராக நின்ற அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் பக்கம் போயிருந்த தொழிலாளர்களைச் சங்கங்கள் திரும்ப இழுத்து வந்தன, வாலஸின் துணை வேட்பாளர் லிமே அணுகுண்டைப் பற்றி உளறி ஜனங்களைப் பயமுறுத்தினார். எல்லாம் சேர்ந்து நவம்பர் 5-ல் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஏழு கோடிக்கு மேல் விழுந்த ஓட்டில் ஐந்து லட்சம் சொச்சம்.

முன்பே பேசியிருந்தால் ஜெயித்திருப்பாரா என்றால், மாநாடு முடிந்த மறுநாள் பேசியிருந்தால் ஜெயித்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். மாநாட்டுக்கு முன் பேசியிருந்தால் வேட்பாளராகியிருப்பாரா என்பதே சந்தேகம். மரியாதை பற்றிக் கேட்டீர்கள். 1965 குறிப்பு கையில் இருந்தது, பிரசாரத்தில் எடுத்துக் காட்டியிருந்தால் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று மார்தட்டியிருக்கலாம். அதை அவர் வெளியிட்டது 1976-ல் வந்த தன்வரலாற்றில். பல்டி என்ற பெயரைச் சுமந்தாரே தவிர, ஜான்சனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தேர்தலுக்கு முந்தைய சில நாட்களில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? அக்டோபர் 31-ல் ஜான்சனே குண்டு வீச்சை நிறுத்துகிறார், ஹம்ஃப்ரி மேலே போகிறார், நவம்பர் 2-ல் தென் வியட்நாம் அதிபர் தியூ பாரிஸுக்கு வரமாட்டேன் என்கிறார். நிக்சன் பிரசாரத்தைச் சேர்ந்த ஆனா செனால்ட் என்ற பெண்மணி வாஷிங்டனில் இருந்த தென் வியட்நாம் தூதர் வழியாகத் தியூவுக்குப் பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்டதில் ஜான்சனுக்குத் தெரிந்துவிட்டது, இது தேசத்துரோகம் என்று குடியரசுக் கட்சி செனட்டர் டர்க்சனிடம் போனில் சொன்னார், அந்த ஒலிப்பதிவு இன்று பொதுவில் இருக்கிறது. ஹம்ஃப்ரிக்கும் சொன்னார்கள். நிக்சனுக்கு நேரடித் தொடர்பு என்பதற்கு அப்போது ஆதாரம் இல்லை என்று ஹம்ஃப்ரி சும்மா இருந்துவிட்டார். செனால்டைத் தொடர்ந்து வேலை செய்யச் சொல்லும் நிக்சனின் உத்தரவு, அவருடைய உதவியாளர் ஹால்டமன் கையால் எழுதிய குறிப்பாக வெளியே பரவலாகத் தெரிய வந்தது 2017 தொடக்கத்தில்தான். நிக்சன் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000-க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், வியட்நாமியர் கணக்கு அதைவிடப் பல மடங்கு. அந்தச் சில நாள் கதையைத் தனியாகத்தான் பேச வேண்டும். யாராவது கேள்வியாக எழுதி அனுப்புங்கள், வைத்துக்கொள்கிறேன். அடுத்த கேள்வி மதுரையிலிருந்து.