பாடிக் கறக்கிற மாடு

(‘தன்னானே’ இசைக்குழுவின் பழைய ரசிகர்கள் கூடிய சந்திப்பில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில் கரண்டு போனதை மட்டும் விட்டுவிட்டேன்.)

அவையின் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, நமது கிளை நூலகத்தின் நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்குச் சொல்ல எதுவும் மிச்சம் வைக்காமல் போன தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு ரூபாய் வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஜமாத் பெரியவர்களே, காலையிலிருந்து வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மைக்செட் தம்பி, வெளியே வராந்தாவில் டீ போட்டுக்கொண்டிருக்கும் அக்கா, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வருஷக் கூட்டத்தில் ஒருவர் பெயர் விட்டுப்போனது. அவர் இன்றைக்கு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.’ நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்கிறேன் என்று என் மருமகன் கேலி செய்வான். சொன்னால் சொல்லட்டும். இன்றைக்கும் இதைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்று செய்தி சொல்ல நினைத்தேன். ‘தன்னானே’ குழுவை நடத்திப் பாடிய கே.ஏ. குணசேகரன் எங்களைப் போன்ற ஆட்களுக்கு என்னவாக இருந்தார் என்பது ஒன்று. வயலிலும் வாசலிலும் கிடந்த பாட்டு மேடை ஏறியபோது என்ன மாறியது என்பது இரண்டு. அந்தக் குழுவின் வாத்தியங்கள் மூன்று.

குணசேகரன் பிறந்தது 1955-ல், மாரந்தையில். வளர்ந்தது இளையான்குடியில். அவருடைய ‘வடு’ தன்வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிறுவன் எந்தெந்தத் தெருவில் எப்படி நடத்தப்பட்டான் என்று. இஸ்லாமியர்கள் வாழ்ந்த ஊர்களில் தனக்குக் கிடைத்த மரியாதை வேறு ஊர்களில் கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பார். ஜமாத் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர், சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் என்று பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார். எங்களுக்கு அந்த நாற்காலி எதுவும் ஞாபகத்தில் இல்லை. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மைக்கை ஒதுக்கிவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற அந்தக் குரல்தான் ஞாபகம். 2016 ஜனவரி 17-ல் அவர் மறைந்தபோது என் கைபேசிக்கு வந்த முதல் அழைப்பில் நண்பன் ஒன்றுமே பேசவில்லை. ‘தன்னானே’ என்று மட்டும் முனகிவிட்டு வைத்துவிட்டான்.

அந்தப் பெயரைப் பாருங்கள். தன்னானே என்றால் அகராதியில் தேடி எடுக்கிற பொருள் கிடையாது. நாற்று நடுகிறவள் அடுத்த அடி ஞாபகம் வருகிற வரைக்கும் இழுத்துப் பிடிக்கிற சத்தம் அது. தாளம் விழுந்துவிடாமல் முட்டுக் கொடுக்கிற கம்பு. மெனக்கெட்டு ஒரு பெயர் யோசிக்காமல், பாட்டுக்கு நடுவே கிடந்த அந்தச் சத்தத்தையே குழுவுக்குப் பெயராக எடுத்ததிலேயே அவர் யார் பக்கம் நின்றார் என்பது தெரிந்துபோகும்.

இங்கே வந்திருப்பவர்களிடம் ‘முதலில் எங்கே கேட்டீர்கள்’ என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒருவர் கலை இரவு என்றார், விடிய விடிய மண்ணில் உட்கார்ந்து கேட்டாராம். ஒருவர் தொழிற்சங்க மாநாடு என்றார். ஓர் அம்மா, அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டம் என்றார். மூன்று பேரும் சொன்ன பாட்டு ஒன்றே: இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’. 1968-ல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பத்தவர் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அந்தத் தீயிலிருந்து வந்த பாட்டு. எழுதியவர் கவிஞர். ஆனால் அது ஊர் ஊராக நடந்துபோனது குணசேகரன் தொண்டையில்தான். அவர்கள் இருவரும் ஒரே வருஷத்தில் போய்ச்சேர்ந்தார்கள். ஜனவரியில் இவர், டிசம்பரில் அவர்.

நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் விஜயலட்சுமி–நவநீதகிருஷ்ணன் இணையரின் ரசிகர்கள் சிலரும் இங்கே இருக்கிறீர்கள், தெரியும். ‘எங்கள் அம்மாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள்’ என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது. சரி, அவர்களும் நம்முடையவர்களே. கொல்லங்குடி கருப்பாயியும் பரவை முனியம்மாவும் நம்முடையவர்களே. இந்தச் சண்டையை டீக்கு வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். நடவுப் பாட்டுக்கு எங்கே முடிவு? வயல் முடிகிற இடத்தில் முடிவு. வரப்பை எட்டிவிட்டால் பாட்டும் நின்றுவிடும், அடி மிச்சம் இருந்தாலும். தாலாட்டு பிள்ளை தூங்கியதும் நிற்கும். ஒப்பாரி தொண்டை கட்டினால் நிற்கும். மேடைக்கு வந்ததும் அதே பாட்டு நாலு நிமிஷத்தில் அடங்க வேண்டியதாயிற்று. கேசட்டுக்கு வந்தபோது இன்னும் நெருக்கடி. அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஏழெட்டுப் பாட்டு. இது நஷ்டமா என்று கேட்டால், ஒரு வகையில் நஷ்டம்தான். ஆனால் வேறொன்று நடந்தது. வயலில் ஒருத்தி அடி எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மேடையில் வாங்கிப் பாட நாலு பேர் நிற்பார்கள். இரண்டாவது சரணம் வருவதற்குள் கீழே உட்கார்ந்திருக்கிற கூட்டமே வாங்கிப் பாட ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்த நாலு பேர் சும்மா வாயசைத்தாலும் போதும்.

இதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன். அதற்கு முன்னால் எங்கள் அப்பத்தா கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் மனைவி ‘அதைச் சொல்லாமல் என்னத்தப் பேசினீங்க’ என்பாள்.

எங்கள் ஊர்க் கண்மாய் மறுகால் போன வருஷம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ‘தன்னானே’ கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டில் சிங்கப்பூர்ச் சித்தப்பா கொடுத்த டேப் ரெக்கார்டர் இருந்தது. மேலே வெல்வெட் துணி போர்த்தி, அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கிளி வைத்து, சாமி மாதிரி வைத்திருந்தோம். கிளியை இறக்கி, துணியை எடுத்து, கேசட்டைப் போட்டேன். அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டுக்கு உலக்கை நின்றது. இரண்டாவது பாட்டுக்கு எழுந்து உள்ளே வந்தாள். மூன்றாவது ஒரு நடவுப் பாட்டு. கேட்டாள். கேட்டுவிட்டு டேப் ரெக்கார்டரைப் பார்த்து, ‘ஏப்பா, அது அப்படி இல்லப்பா. அடியத் தப்பா எடுக்கிற’ என்றாள்.

‘அப்பத்தா, அவருக்குக் கேட்காது’ என்றேன்.

‘ஏன் கேக்காது? அவன் பாடுறது நமக்குக் கேக்குதுல்ல?’

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் படித்த பி.எஸ்ஸி. பௌதிகத்தில் பதில் இல்லை. அவள் விடவில்லை. ‘அவன் சின்னப் பிள்ள, யாரோ பாதி சொல்லிக் குடுத்திருக்கா. என் பாட்டையும் இதுல ஏத்து. நாளைக்குக் கேட்டுத் திருத்திக்கட்டும்’ என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் வெற்றுக் கேசட் கிடையாது. இருந்தது இந்த ஒன்றுதான். அதுவும் கடையில் விற்கிற பாட்டுக் கேசட். பதிவு பண்ண முடியாதபடி முதுகில் அந்தச் சின்ன நாக்கை உடைத்தே தருவார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் மேலே பதிவு பண்ணிவிடலாம். நான் முடியாது, மிஷின் ஒத்துக்காது என்றேன். என் தம்பி, படுபாவி, அன்றைய பஸ் டிக்கெட்டை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, அந்த ஓட்டையில் செருகி, சிவப்புப் பொத்தானையும் அமுக்கிவிட்டான்.

அப்பத்தா ஆரம்பித்தாளா என்றால், இல்லை. பொத்தான் அமுங்கியதும் வாய் கட்டிக்கொண்டது. ‘நாத்துமில்ல, வயலுமில்ல, எப்படி வரும்?’ என்றாள். அம்மா உள்ளே போய் அகத்திக்கீரைக் கட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அப்பத்தா அதிலிருந்து ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துத் தரையில் நடுகிற மாதிரி வைத்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். பாடிக் கறக்கிற மாடு! பதினொரு நிமிஷம் பாடினாள். கீரை தீர்ந்தது, பாட்டும் நின்றது. ‘போதும், அமத்து’ என்றாள்.

பி பக்கத்தில் இரண்டரைப் பாட்டு போயிற்று. நான் தம்பியோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மறுபடி போட்டுக் கேட்டபோது ஒரு விஷயம். அப்பத்தா ‘போதும், அமத்து’ என்றதும் ஒரு ‘டக்’ சத்தம். அடுத்த நொடியில் அந்தப் பழைய பாட்டின் பாதியிலிருந்து குழு நுழைகிறது, ‘தன்னானே’ என்று. அவள் எடுத்த அடியை அவர்கள் வாங்கிப் பாடுகிற மாதிரி! அம்மா அதைக் கேட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

1996-ல் அப்பத்தா போய்விட்டாள். அவள் குரல் உலகத்தில் அந்தப் பதினொரு நிமிஷம்தான்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். பேரூராட்சித் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இது உங்களுக்காகத்தான்.

போன வருஷம் பரண்மேல் பெட்டியைத் திறந்தேன். கேசட்டின் நாடாச் சுருள் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்து கிடந்தது. நல்லவேளை, ஒட்டின கூடு இல்லை, ஐந்து திருகாணி வைத்த கூடு. கழற்றி, சுருளை வேறு கூட்டுக்கு மாற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையாலேயே துடைத்தேன், மூன்று ராத்திரி. அப்புறம் டேப் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். பென் டிரைவ் என்றால் ஆயிரம் பாட்டைக் கண் மூடித் திறப்பதற்குள் ஏற்றிவிடலாம். கேசட் அப்படி இல்லை. அறுபது நிமிஷக் கேசட்டை ஏற்ற அறுபது நிமிஷம் அது ஓடியாக வேண்டும். முழுப் பாட்டையும் அது பாடினால்தான் நமக்குக் கிடைக்கும். சொலவடை ஞாபகம் வருகிறதா? நான் மாட்டைப் பற்றி மட்டும் சொல்வதாக நினைத்தீர்கள்.

இந்த மண்டபத்தில் இருக்கிற நூற்றுச் சொச்சம் பேர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதில் குணசேகரனும் இருப்பார், உங்கள் ஆயாவும் இருப்பாள். அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நமது கிளை நூலகத்தில் ஒரு மேசை, ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்று, ஒரு கம்ப்யூட்டர், வாரத்தில் இரண்டு சாயங்காலம். ஜனங்கள் கேசட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி உத்தியோகத்துக்கு நடுவே நம் பாட்டுகளை எழுதி எடுத்தார். அதைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-ல் தஞ்சை சரஸ்வதி மகால் புத்தகமாகப் போட்டது. நா. வானமாமலை தொகுத்துப் புத்தகம் கொண்டுவந்தார். அவர்களுக்குக் காகிதமும் பென்சிலும் போதும் என்று இருந்தது. நமக்குக் குரலே இருக்கிறது, பரணில்.

மூன்று மனு கொடுத்துவிட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதைத் தொலைத்துவிட்டார்கள். மூன்றாவதுக்கு நேரில் கூப்பிட்டு, ‘நூலகம் நூலுக்குத்தானே சார்?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நாலாவதைப் பாட்டாகவே எழுதி, பறையோடு போய்க் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பாடித்தான் கறக்க வேண்டும் என்றால் பாடிவிடலாம். நூலகர் அம்மா மேசை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டருக்குப் பேரூராட்சித் தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே... சரி, தலையாட்டினார். எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? மைக்செட் தம்பி, நீயும் சாட்சி.

மூன்றாவது, வாத்தியம். பறையைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். சாவுக்கு மட்டும் அடிக்கிறது என்று ஒதுக்கி வைத்ததை மேடையின் நடுவில் நிறுத்தினார்கள். கையில் சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் பிடித்தவனின் பக்கத்தில் தீ மூட்டி, தோலைக் காய்ச்சிக் காய்ச்சி எடுப்பதைப் பார்க்கவே கூட்டம் நெருங்கி வரும். ஆனால் டீ வந்துவிட்டது என்று அக்கா கை காட்டுகிறார். அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்.

கேசட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். முதுகில் பாருங்கள், தம்பி செருகின பஸ் டிக்கெட் இன்னும் அப்படியே இருக்கிறது. கூடு மாற்றியபோது இதையும் எடுத்துப் புதுக் கூட்டில் வைத்தேன். தேவையே இல்லை, இருந்தாலும் வைத்தேன். மைக்செட் தம்பி, பி பக்கம் போடு. ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் ‘புஸ்’ என்று இரைச்சல் இருக்கும், அணைத்துவிடாதே. அப்புறம் ஓர் ஆட்டுக்குட்டி கத்தும். அதற்கடுத்து அப்பத்தா, ‘ஏறுதாடா?’ என்று கேட்பாள்.