லீவர் விழுது, முன் வீல் சுத்துதா? பழைய ஃபோர் பை ஃபோர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வட்டம் போடுங்க!

[காட்சி: மழை ஈரம், மண் ஏத்தத்துல மாட்டின ஜீப்]

ஜவ்வாது மலையில அமிர்தி தாண்டி ஒரு மண் ஏத்தம். பின் வீல் குழி தோண்டுது, முன் வீல் ரெண்டும் அசையவே இல்ல. நாலு வீலுக்கும் பவர் போற ஃபோர் பை ஃபோர் வண்டின்னு சொல்லி, வித்தவரு அதுக்கான லீவரைப் போட்டுக் காட்டினாரு, நானும் நம்பி வாங்கிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது மக்களே, அதுக்குத்தான் இந்த வீடியோ.

முதல்ல ஒண்ணு. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான். அதுக்கு சாதா காரே போதும். ஜவ்வாது மலையில மெயின் ரோட்டை விட்டு மண் பாதையில எறங்கறவங்க மட்டும் மேல கேளுங்க.

ஆர்சியில லோன் பாக்கி இருக்கா, 15 வருஷப் பதிவு முடியப்போகுதா, பாத்துடுங்க.

[காட்சி: மேல இருந்து, வண்டி வட்டம் அடிக்குது]

இப்ப வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். பழைய மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸி மாதிரி வண்டின்னா கெட்டி மண் தரைக்குக் கொண்டு போங்க. ஃபோர் ஹை, அதாவது நாலு வீலுக்கும் பவர் போற சாதா வேக நிலை, அதைப் போட்டு, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா ஒரு வட்டம் போடுங்க. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி வண்டி திக்கித் திக்கிப் போகுதா? சந்தோஷப்படுங்க, முன் வீலுக்கு பவர் போகுது! திரும்பும்போது முன் வீல் பெரிய வட்டம் போடும், பின் வீல் சின்ன வட்டம் போடும். ஆனா பவரை முன்னாடிக்கும் பின்னாடிக்கும் அனுப்பற டிரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டையும் ஒரே வேகத்துல கட்டிப் போட்டிருக்கு. அந்த இழுபறியைத்தான் நீங்க உணர்றீங்க. வட்டம் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போனா, லீவர் வேலை செய்யலன்னு சந்தேகப்படுங்க. காஞ்ச தார் ரோட்டுல மட்டும் இதைச் செய்யாதீங்க, கியர் தாங்காது.

அடுத்து ஃபோர் லோ, அதாவது வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி. ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சை விட்டா, ஆக்சிலரேட்டர் தொடாமலே டீசல் வண்டி யானை மாதிரி ஊர்ந்து ஏறணும்.

முன் ஆக்சில்ல இருக்கற கியர் பெட்டிதான் டிஃபரன்ஷியல்; அதுல ஆயில் ஊத்தற போல்ட்டைக் கழட்டி விரலை விடுங்க. ஆயில் பால் ஊத்தின டீ கலர்ல வந்தா உள்ள தண்ணி ஏறியிருக்கு. அந்த வண்டியை விட்டுடுங்க.

கிலோமீட்டரைப் பாத்து பயப்படாதீங்க. சர்வீஸ் புக்கோட ஹைவேல 1.5 லட்சம் ஓடின வண்டி, மலையிலயே அடிபட்ட 50,000 கிலோமீட்டர் வண்டியை விட எனக்கு மேல். உங்க பயணத்துல 300 கிலோமீட்டர் ஹைவே, கடைசி 10 கிலோமீட்டர் மண்ணுன்னா, பழைய ரெனோ டஸ்டர்ல நாலு வீலுக்கும் பவர் போற ஏடபிள்யூடி மாடல் தேடுங்க. அதுல ஃபோர் லோ கிடையாது, ஆனா முதுகு வலிக்காது.

உங்க வண்டி வட்டத்துல திக்குச்சா, வழுக்குச்சா? கமெண்ட்ல சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் பதில் போடறேன்.