முகத்துவாரம் பார்க்கப் போன கதை

நேயர்களுக்கு வணக்கம். பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் பயண எழுத்தாளன் இல்லை. துறைமுகத்தில் ஆழம் அளக்கும் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்தவன். கப்பல் நிற்கிற இடத்தில் எத்தனை மீட்டர் தண்ணீர் இருக்கிறது, அடியில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது, தூர்வாரும் கப்பலை எப்போது கூப்பிட வேண்டும், இதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அலையைப் பார்ப்பார்கள். நான் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பேன். வீட்டில் இதற்காக நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் பிப்ரவரியில், ராயபுரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பனும் நானும் வியட்நாமின் நடுப்பகுதிக் கடற்கரைக்குப் போனோம். டா நாங், ஹோய் ஆன், மீ சன், கடைசியாக ஹுவே. பதினோரு நாள். பெட்டி கிடையாது, முதுகில் மாட்டுகிற பை மட்டும்தான் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோ. என் பை ஆறே முக்கால் கிலோ. அவனுடையது பதினொன்று. விமான நிலையத்தில் ஓரமாக உட்கார்ந்து திறந்தால், ஒரு கிலோ ரவை, பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், ஒரு மின்சாரக் கெட்டில், இரண்டு எவர்சில்வர் டம்ளர்.

“ரவை எதுக்குடா?”

“அங்க என்ன கிடைக்குமோ யார் கண்டா?”

அவன் சைவம். ரவையும் கெட்டிலும் வழியனுப்ப வந்த அவன் மகனிடமே திரும்பிப் போயின. டம்ளரை மட்டும் விடமாட்டேன் என்றுவிட்டான். மிச்ச எடைக்காக ஒரு பேன்ட்டின் மேல் இன்னொரு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, அப்படியே கோலாலம்பூர் வரை வந்தான்.

சாப்பாட்டுக் கவலை தேவையே இருக்கவில்லை. அந்த ஊர்ப் பாஷையில் சைவச் சாப்பாட்டுக்கு ‘சாய்’ என்று பெயர். நம் காதுக்கு டீ மாதிரிக் கேட்கும். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் அங்கே நிறையப் பேர் சைவம். நம் வீட்டு அமாவாசை மாதிரியேதான். கடைப் பலகையில் அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்தால் போதும், உள்ளே போய் உட்கார்ந்துவிடுவான். அந்த டம்ளர்களும் வீண்போகவில்லை. அங்கே காப்பி இறக்குகிற ஃபில்டர் ஒரு ஆளுக்கான அளவில் இருக்கும், கண்ணாடி டம்ளரின் தலையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும், அடியில் டின் பால் காத்திருக்கும். நண்பன் அதை எடுத்து எவர்சில்வர் டம்ளர் இரண்டிலும் மாற்றி மாற்றி ஆற்றினான். கடைக்காரப் பெண் தன் அம்மாவைக் கூப்பிட்டு வந்து காட்டியது.

சரி, மணலுக்கு வருகிறேன்.

ஹோய் ஆன் என்பது தூ போன் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பழைய துறைமுக ஊர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் எல்லோரும் வந்து சரக்கு ஏற்றிய இடம். ஜப்பானியர் கட்டிய கூரை போட்ட பாலம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறு முனையில் குரங்குச் சிலைகள். அவர்களுடைய 20,000 டோங் நோட்டில் அந்தப் பாலத்தின் படம்தான். இருபதாயிரம் என்றதும் மலைக்க வேண்டாம், நம் பணத்தில் நூறு ரூபாய்கூட வராது.

அப்படிப்பட்ட துறைமுகம் எப்படிப் படுத்தது? ஆற்றில் மண் சேர்ந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வியாபாரம் முழுக்க வடக்கே டா நாங்குக்குப் போய்விட்டது. காசு போனதால் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதியில்லை. அதனால் மர வீடுகளும் ஓட்டுக் கூரைகளும் அப்படியே நின்றன. 1999இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றைக்கு விளக்குக் கூண்டுகளை மாட்டி அழகு பார்க்கிறோமே, அந்த ஊரைக் காப்பாற்றிக் கொடுத்தது தூர். நான் வாழ்நாள் முழுக்க எதை எதிரி என்று அளந்துகொண்டிருந்தேனோ, அதே தூர்.

இன்னொரு விஷயம். அங்கே டான் கீ வீடு என்று, இருநூறு வருஷத்துக்கு மேலான வியாபாரி வீடு ஒன்று. அதே குடும்பத்தின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள், நாமும் உள்ளே போய்ப் பார்க்கலாம். எல்லோரும் மரவேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்பன் ஒரு சுவரின் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டான். வெள்ளம் வந்த வருஷங்களையும் தண்ணீர் நின்ற உயரத்தையும் அதில் குறித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது எல்லாவற்றுக்கும் மேலே, நம் தலைக்கும் மேலே, 1964. அந்த வருஷ நவம்பரில் அங்கே பெருவெள்ளம். அதே வருஷம் டிசம்பரில்தான் நம் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. இரண்டு மாதம்கூட இடைவெளியில்லை.

நாங்கள் இருவரும் அந்தச் சுவரைவிட்டு நகரவில்லை. நண்பன் வீடு இப்போது சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குப் பக்கத்தில். 2015 டிசம்பரில் அவன் வீட்டில் ஜன்னலின் மேல் விளிம்பு வரை தண்ணீர். வடிந்ததும் சுவரில் பழுப்பாக ஒரு கோடு. பொங்கலுக்குள் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டான். “எம்பொண்டாட்டி வேண்டாம்னா, நான்தான் அடிச்சேன்” என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஹோய் ஆனில் வேறு சில பழைய வீடுகளில், கீழ்த்தளக் கூரையில் சதுரமாக ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் சாமான்களை அந்த வழியாக மேலே ஏற்றிவிடலாம். தண்ணீர் வரும் என்று தெரிந்தே கட்டிய வீடு. ஊர் திரும்பியதும் நண்பன் ஒரு ஆணியை எடுத்து அதே உயரத்தில் சுவரில் கீறி, பக்கத்தில் 2015 என்று எழுதினான். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் என்ன நினைத்தாரோ!

மறுநாள் வாடகை சைக்கிளில் கடற்கரைக்கு, சுமார் ஐந்து கிலோமீட்டர். கடற்கரையின் பெயர் குவா டாய். யாரோ என்னை அதட்டிக் கூப்பிடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். குவா என்றால் வாசல், அதே சொல்தான் முகத்துவாரத்துக்கும். அங்கே போய் நின்றதும் எனக்கு ராயபுரம் ஞாபகம் வந்துவிட்டது. மணலே இல்லை. வரிசையாக மணல் மூட்டைகள், கல், சரிந்த படிக்கட்டு. 2014 வாக்கில் கடல் பெரிதாக அரிக்கத் தொடங்கியதாம். ஆற்றின் மேற்பகுதியில் அணைகள், நடுவில் மணல் அள்ளுகிறார்கள், அதனால் கரைக்கு வந்து சேர வேண்டிய மணல் வருவதில்லை என்கிறார்கள். ஒரு காலத்தில் மண் அதிகமாகித் துறைமுகத்தை அடைத்த அதே ஆறு, இப்போது மண் போதாமல் கடற்கரையைத் தோற்கிறது.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தங்கியது. அதுதான் நாம் சுண்டல் சாப்பிடுகிற மெரினா. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அதனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கரை போனது, கல்லைக் கொட்டினோம். மெரினாவில் நடக்கிறவர்கள் ராயபுரத்தின் மணலில் நடக்கிறார்கள். இதை நான் சொன்னால் மெரினாக்காரர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. குவா டாய் கரையில் ஒரு மீனவர் வட்டமான மூங்கில் படகைக் கவிழ்த்து வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரியேதான், ஆனால் அதில் கடலுக்குப் போகிறார்கள். பாஷை தெரியாது. முன்பு கரை எதுவரை இருந்தது என்று கையால் கேட்டேன். அவர் எழுந்து, அலைக்கு அப்பால் தூரத்தில் கையை நீட்டினார். எங்கள் காசிமேட்டுப் பெரியவர்களும் இதே மாதிரிதான் கை நீட்டுவார்கள்.

நேரம் ஓடுகிறது, மீ சன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் அரசர்கள் 4ஆம் நூற்றாண்டிலிருந்து கட்டிய சிவன் கோயில்கள், இன்று மிஞ்சி நிற்பவை பெரும்பாலும் செங்கல். செங்கற்களுக்கு நடுவே சாந்து போட்ட தடமே கண்ணுக்குத் தெரியாது. முதல் கோயிலைக் கட்டிய அரசர் பத்ரவர்மன், சாமியின் பெயர் பத்ரேஸ்வரர். ராஜராஜன் கட்டியதற்கு ராஜராஜேஸ்வரம் என்று பெயர் வைத்த மாதிரி. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் இடிந்துபோனது. பிறகு போலந்துக்காரர் ஒருவர் பல வருஷம் தங்கி மிச்சத்தைக் காப்பாற்றினார். நம் தொல்லியல் துறையினரும் 2017 முதல் வேலை செய்தார்கள், 2020இல் அவர்கள் தோண்டும்போது ஒரே கல்லில் செய்த 9ஆம் நூற்றாண்டு லிங்கம் முழுசாக வெளியே வந்தது. நண்பன் அங்கே விபூதி பூசிக்கொண்டு நின்றான். பையில் அதற்கும் இடம் இருந்திருக்கிறது!

ஹுவே அரண்மனையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச எழுதி வந்தேன். அரை நிமிஷம்தான் இருக்கிறது. போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். டா நாங்கிலிருந்து ஹுவேக்கு ரயிலில் போங்கள், வலது பக்க ஜன்னலாகக் கேட்டு வாங்குங்கள். சாலைக்கு மலையைக் குடைந்து சுரங்கம் போட்டுவிட்டார்கள். ரயில் இன்னும் கடலை ஒட்டியே மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த ஜன்னலை நான் நண்பனுக்கு விட்டுக்கொடுத்தேன். டா நாங் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். வணக்கம்.